ஆள் போன பிறகும் உயிரோடு இருக்கும் லாகின்கள்

ஒருவர் பேப்பர் போடுகிறார். நோட்டீஸ் பீரியட் முடிகிறது. கடைசி நாளில் லேப்டாப்பையும் ஐ.டி. கார்டையும் ஒப்படைத்து, நோ ட்யூஸ் படிவத்தில் நாலு பேரிடம் கையெழுத்து வாங்கி, கேக் வெட்டி, எல்லோரோடும் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். எச்.ஆரைப் பொறுத்தவரை அதோடு முடிந்தது. ஆனால் அவர் வேலை பார்த்த இத்தனை வருடங்களில் அவர் பெயரில் திறந்த மெயில், வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழைய உதவும் வி.பி.என்., கோட் இருக்கும் இடம், கிளவுட் சர்வர், கிளையன்ட்டின் போர்ட்டல், என்றோ ஒரு நாள் ராத்திரி அவசரத்துக்கு யாரோ கொடுத்த அட்மின் பாஸ்வேர்ட் எல்லாம் அப்படியே இருக்கும், யாராவது உட்கார்ந்து ஒவ்வொன்றாக மூடும் வரை. இந்த மூடும் வேலையைத்தான் அக்சஸ் நீக்குவது என்கிறோம். ஐ.டி. சப்போர்ட்டில் புதிதாகச் சேர்ந்தவர்களையும், பத்து இருபது பேரை வைத்துச் சின்ன கம்பெனி நடத்துகிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் நடந்த ஒரு வழக்கைச் சொன்னால் விஷயம் சட்டென்று புரியும். என்.சி.எஸ். என்ற ஐ.டி. நிறுவனத்தில், புது மென்பொருளை வெளியிடும் முன் சோதித்துப் பார்க்கும் சிஸ்டத்தைக் கவனித்துக்கொண்ட டீமில் இந்தியர் ஒருவர் இருந்தார். வேலை திருப்தியாக இல்லை என்று 2022 அக்டோபரில் அவருடைய ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள். கடைசி நாள் நவம்பர் 16. ஊருக்குத் திரும்பியவர் 2023 ஜனவரியில் தன் லேப்டாப்பிலிருந்து பழைய அட்மின் லாகினைப் போட்டுப் பார்க்கிறார், திறக்கிறது. அந்த மாதத்தில் ஆறு முறை உள்ளே போகிறார். பிப்ரவரியில் வேறு வேலை கிடைத்து மறுபடி சிங்கப்பூர் வருகிறார், மார்ச்சில் இன்னும் 13 முறை. கடைசியில் மார்ச் 18, 19 தேதிகளில் ஒரு ஸ்கிரிப்டை ஓடவிட்டு 180 விர்ச்சுவல் சர்வர்களை ஒவ்வொன்றாக அழித்துவிட்டார். நிறுவனத்துக்கு நஷ்டம் 9,17,832 சிங்கப்பூர் டாலர். 2024 ஜூனில் அவருக்கு இரண்டு ஆண்டு எட்டு மாதம் சிறைத் தண்டனை கிடைத்தது.

அவர் செய்தது குற்றம், அதில் பேச்சே இல்லை. ஆனால் இந்தக் கதையில் ஹேக்கிங் என்று சொல்ல எதுவுமே நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நான்கு மாதம் ஒரு அட்மின் லாகின் சும்மா வேலை செய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். நவம்பர் 16 மாலை யாராவது ஒருவர் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் அந்த 180 சர்வர்களும் இருந்திருக்கும், அந்த மனிதரும் ஜெயிலுக்குப் போயிருக்க மாட்டார்.

இதைப் படித்ததும் "எங்கள் ஆட்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை" என்று பலர் சொல்வார்கள். உண்மைதான், வேலையை விட்டுப் போகிற பெரும்பாலானோர் பழைய ஆபீஸைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பிரச்சினை வேறு பக்கத்திலிருந்து வரும். 2021 மே மாதம் அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு எரிபொருள் கொண்டு போகும் கொலோனியல் பைப்லைனை, கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல் முடக்கியதும், பெட்ரோல் பங்குகளில் மக்கள் வரிசை கட்டி நின்றதும் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கும்பல் உள்ளே நுழைந்தது பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய வி.பி.என். கணக்கு வழியாக. அதன் பாஸ்வேர்ட் ஏற்கெனவே வெளியில் கசிந்திருந்த பட்டியல் ஒன்றில் இருந்தது, ஓ.டி.பி. மாதிரியான இரண்டாவது சோதனை எதுவும் அந்தக் கணக்குக்கு இல்லை. நிறுவனம் 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், பணயத் தொகையாகக் கொடுத்தது. பிறகு 2024 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சீசா வெளியிட்ட எச்சரிக்கை ஒன்றிலும் இதே கதைதான்: ஒரு மாநில அரசு அலுவலகத்தில், வேலையை விட்டுப் போன ஒருவரின் அட்மின் கணக்கை யாரோ வெளியாள் பயன்படுத்தி உள்ளே வந்திருந்தார்.

இப்படிப்பட்ட கணக்கு ஏன் திருடனுக்கு இவ்வளவு வசதி என்றால், அதைப் பார்க்க ஆள் இல்லை. நீங்கள் வேலையில் இருக்கும்போது ராத்திரி மூன்று மணிக்கு உங்கள் பெயரில் வேறு நாட்டிலிருந்து லாகின் ஆனால், காலையில் உங்களுக்கு அலெர்ட் மெயில் வந்திருக்கும், "நான் இல்லையே" என்று ஐ.டி.க்குச் சொல்வீர்கள். போனவருடைய மெயில் பெட்டியில் அந்த அலெர்ட் படிக்க ஆளில்லாமல் கிடக்கும். அதனால் இந்த வேலை கம்பெனியை மட்டும் காப்பாற்றுவதாக நினைக்க வேண்டாம், போகிறவரையும் காப்பாற்றுகிறது. ஆறு மாதம் கழித்து ஏதாவது நடந்து, யார் எப்போது நுழைந்தார் என்று பதிவாகும் லாகில் உங்கள் யூசர்நேம் தெரிந்தால், முதல் போன் உங்களுக்குத்தான் வரும். நீங்கள் வேலையை விடுகிறவராக இருந்தால், கடைசி வாரத்தில் மேனேஜருக்கும் ஐ.டி.க்கும் ஒரு மெயில் போடுங்கள்: என்னிடம் இன்னின்ன அக்சஸ் இருக்கிறது, எல்லாவற்றையும் இந்தத் தேதியில் மூடிவிடுங்கள் என்று. யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சரி, மூடுவது எப்படி? பெரும்பாலான கம்பெனிகளில் நடுவில் ஒரு முதன்மைக் கணக்கு இருக்கும். மைக்ரோசாஃப்ட் வைத்திருப்பவர்களுக்கு ஆக்டிவ் டைரக்டரி அல்லது என்ட்ரா, கூகுள் வைத்திருப்பவர்களுக்கு வொர்க்ஸ்பேஸ். முதலில் கை வைக்க வேண்டியது இதில்தான், அதிலும் டெலீட் வேண்டாம், டிசேபிள் செய்தால் போதும். கூகுளில் இதையே சஸ்பெண்ட் என்பார்கள். டிசேபிள் செய்த கணக்கில் யாரும் நுழைய முடியாது, ஆனால் மெயில், ஃபைல், பழைய பதிவுகள் எல்லாம் பத்திரமாக இருக்கும். டெலீட் செய்துவிட்டால் கூகுளில் 20 நாட்களுக்குள்ளும் மைக்ரோசாஃப்ட் 365-ல் 30 நாட்களுக்குள்ளும் மீட்டுக்கொள்ளலாம், அதற்குப் பிறகு போனது போனதுதான். ஒரு ஒப்பந்தத்தின் கடைசி வடிவம் போனவருடைய டிரைவில் மட்டும்தான் இருந்தது என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிய வரும். அதனால் முதலில் டிசேபிள், அப்புறம் ஃபைல்களின் உரிமையை மேனேஜருக்கு மாற்றுவது, மெயில் பெட்டியை டீம் பார்க்கும்படி ஷேர்டு மெயில்பாக்ஸாக மாற்றுவது, எல்லாம் ஓய்ந்த பிறகு டெலீட்.

இந்த இடத்தில் சின்ன ஆபீஸ்களில் வழக்கமாக நடக்கும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். போனவருடைய பாஸ்வேர்டை மாற்றி, அதே லாகினைப் புதிதாக வந்தவருக்குக் கொடுத்து "இதிலேயே வேலை பாருப்பா" என்று சொல்லிவிடுவார்கள். லைசென்ஸ் காசு மிச்சம், மெயில் தொடர்ச்சியும் கிடைக்கிறது என்ற கணக்கு. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அதற்குப் பிறகு யார் எதைச் செய்தார் என்று எந்தப் பதிவை வைத்தும் சொல்ல முடியாது. புது ஆள் செய்த தவறு போனவர் பெயரில் பதிவாகும், போனவருடைய பழைய அனுமதிகள் எல்லாம், அவை தேவையே இல்லாத புது ஆளுக்கு மொத்தமாகப் போய்ச் சேரும்.

டிசேபிள் செய்தாயிற்று. ஆனாலும் அவருடைய போனில் மெயில் இன்னும் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருக்கலாம். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் இங்கேதான் குழம்புவார்கள், "டிசேபிள் பண்ணிட்டேனே, எப்படி?" என்று. காரணம் டோக்கன். தீம் பார்க்கில் வாசலில் டிக்கெட்டைப் பார்த்துவிட்டுக் கையில் ஒரு பட்டை கட்டுவார்கள் அல்லவா, அதற்குப் பிறகு உள்ளே ஒவ்வொரு ராட்டினத்திலும் பட்டையைத்தான் பார்ப்பார்கள், டிக்கெட்டை யாரும் கேட்பதில்லை. பாஸ்வேர்டைச் சரிபார்த்த பிறகு கணினி கொடுக்கும் டோக்கனும் அப்படித்தான். மைக்ரோசாஃப்ட் கணக்குகளில் அக்சஸ் டோக்கன் வழக்கமாக ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் உயிரோடு இருக்கும். அது முடிந்து புது டோக்கன் கேட்கும்போதுதான் கணக்கு டிசேபிள் ஆகியிருப்பது தெரிந்து வெளியே தள்ளும். அந்த ஒரு மணி நேரம் சாதாரண நாட்களில் பெரிய விஷயம் இல்லை, சண்டை போட்டுக்கொண்டு போனவர் என்றால் பெரிய விஷயம். அந்த நேரத்தைக் குறைக்கத்தான் அட்மின் பக்கத்தில் செஷன்களை, அதாவது ஏற்கெனவே லாகின் ஆகி ஓடிக்கொண்டிருப்பவற்றை, ரத்து செய்யும் பட்டன் இருக்கிறது. டிசேபிள் செய்த கையோடு அதையும் அழுத்திவிடுங்கள். வெளியார் நடத்தும் சில ஆப்கள் தங்களுக்கென்று தனி செஷன் வைத்திருக்கும், அவற்றில் நாள் கணக்கில்கூட லாகின் நிற்கலாம், அந்த ஆப்பிலேயே போய்தான் நீக்க வேண்டும்.

வெளியார் ஆப் என்றதும் எஸ்.எஸ்.ஓ. பற்றி ஒரு வார்த்தை. ஒரே லாகினில் ஸ்லாக், ஜிரா, ஜூம் எல்லாவற்றிலும் நுழையும் ஏற்பாடு அது. முதன்மைக் கணக்கை மூடினால் அதை நம்பியிருக்கும் எல்லா ஆப்களிலும் புதிதாக லாகின் ஆக முடியாது, பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ஸ்கிம் என்ற இன்னொரு வசதியும் சேர்ந்தால் அந்த ஆப்களுக்குள் இருக்கும் கணக்கும் தானாகவே முடங்கிவிடும். ஆனால் நிறைய ஆப்கள் எஸ்.எஸ்.ஓ.வை விலை அதிகமான பிளானில் மட்டும் வைத்திருப்பதால், சின்ன கம்பெனிகளில் ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி பாஸ்வேர்ட்தான். அங்கே ஒவ்வொன்றாகப் போய் நீக்குவதைத் தவிர வழியில்லை, அதனால்தான் அவர்களுக்குப் பட்டியல் இன்னும் முக்கியம்.

இனி சொல்லப்போவதுதான் அனுபவசாலிகளும் கோட்டைவிடும் இடம். பாஸ்வேர்டே கேட்காத அக்சஸ்கள். ஒரு லினக்ஸ் சர்வரை எடுத்துக்கொள்ளுங்கள். டெவலப்பர், பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சாவி மாதிரி பயன்படும் தன் எஸ்.எஸ்.எச். கீயை அந்த சர்வரில் உள்ள ஒரு ஃபைலில் ஒரு வரியாகச் சேர்த்திருப்பார். அதன் பெயர் ஆத்தரைஸ்டு கீஸ். நீங்கள் ஆக்டிவ் டைரக்டரியில் அவரை டிசேபிள் செய்வீர்கள், அந்த சர்வரிலேயே திறந்த லோக்கல் கணக்கு அவருக்கு இருந்தால் அது அசையாது. சரி, சர்வருக்குள்ளேயே போய் அவர் பாஸ்வேர்டை லாக் செய்வீர்கள். அப்போதும் கீ வழியாக அவர் நுழைய முடியும், ஏனென்றால் லாக் ஆனது பாஸ்வேர்ட் மட்டும், கீயைக் காட்டுகிறவரிடம் சர்வர் பாஸ்வேர்டைக் கேட்பதே இல்லை. அந்த ஃபைலைத் திறந்து அந்த வரியை அழிக்க வேண்டும், அல்லது கணக்கையே காலாவதியாக்க வேண்டும். இதில் இன்னொரு சிக்கல், அவர் தன் கீயைத் தன் கணக்கில் மட்டும் வைத்திருப்பார் என்று நிச்சயம் இல்லை. டெப்லாய் செய்வதற்கென்று, அதாவது புது கோடை சர்வரில் ஏற்றுவதற்கென்று, எல்லோரும் பயன்படுத்தும் பொதுக் கணக்கு ஒன்று இருக்குமே, அதிலும் ஒரு வரி கிடக்கும். அந்த வரிகளின் கடைசியில் யாருடைய கீ என்று பெயர் எழுதி வைக்கும் பழக்கம் டீமில் இல்லாவிட்டால், எட்டு வரிகளில் எது அவருடையது என்று கண்டுபிடிக்கவே அரை நாள் போய்விடும்.

அமேசானின் கிளவுட் சேவையான ஏ.டபிள்யூ.எஸ்.ஸிலும் இதே கதை. கன்சோல் என்ற வெப் பக்கத்துக்கான லாகினை நீக்கிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள், புரோகிராம்கள் நுழையப் பயன்படுத்தும் அந்த யூசருடைய அக்சஸ் கீ தனியாக வேலை செய்துகொண்டிருக்கும், யாராவது நிறுத்தும் வரை அது தானாகக் காலாவதி ஆகாது. ஒரு யூசருக்கு இரண்டு கீ வரை இருக்கலாம், ஒன்றைப் பார்த்து நிறுத்திவிட்டு இன்னொன்றை விட்டுவிடாதீர்கள். கோடை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் டெவலப்பர்கள் பெரும்பாலும் சொந்தக் கணக்கில்தான் இருப்பார்கள், அதனால் அங்கே செய்ய வேண்டியது நிறுவனத்தின் ஆர்கனைசேஷனிலிருந்து அவரை நீக்குவது, கூடவே அவர் அமைத்த டெப்லாய் கீகளைத் தேடிப் பார்ப்பது. இதெல்லாம் தேவைதானா என்று தோன்றினால் சிஸ்கோவில் நடந்ததைப் பாருங்கள். 2018 ஏப்ரலில் ராஜினாமா செய்த ஒரு பொறியாளர், ஐந்து மாதம் கழித்து செப்டம்பரில் ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் இருந்த சிஸ்கோவின் கட்டமைப்புக்குள் நுழைந்து, வெபெக்ஸ் டீம்ஸ் சேவைக்கான 456 விர்ச்சுவல் மெஷின்களை அழித்தார். 16,000-க்கும் மேற்பட்ட கணக்குகள் இரண்டு வாரம் வரை முடங்கின. சரிசெய்ய ஊழியர் நேரமாக மட்டும் சுமார் 14 லட்சம் டாலர், வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது இன்னும் 10 லட்சம் டாலருக்கு மேல். அத்தனை பெரிய கம்பெனியிலேயே இது நடந்தது.

டீம் முழுக்கத் தெரிந்த பொது பாஸ்வேர்டுகளை நீக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். டேட்டாபேஸ் ரூட், ரூட்டர், சி.சி.டி.வி., ஆபீஸ் வைஃபை. இந்த வேலை எரிச்சலாக இருந்தால் நல்லது, அடுத்த முறை பொது பாஸ்வேர்ட் வைக்கும் முன் கொஞ்சம் யோசிப்போம்.

ஐ.டி. டீமே இல்லாத சின்ன கம்பெனிகளில் விஷயம் இன்னும் சிக்கல். ஜி.எஸ்.டி. போர்ட்டலில் பதிவு செய்யும்போது அக்கவுண்டன்ட் தன் மொபைல் நம்பரையும் தன் ஜிமெயிலையும் கொடுத்திருப்பார், அன்றைக்கு அது வசதியாக இருந்திருக்கும். அவர் போன பிறகு ஓ.டி.பி. எல்லாம் அவர் போனுக்குப் போகும், முதலாளி ஒவ்வொரு தடவையும் அவரைக் கூப்பிட்டுக் கெஞ்ச வேண்டும். அவர் இருக்கும்போதே மாற்றினால் போர்ட்டலுக்குள்ளேயே முடிகிற வேலை. அவர் போய், பேச்சுவார்த்தையும் முறிந்துவிட்டால் உங்கள் பகுதி வரி அதிகாரியிடம் ஆவணங்களோடு போய் மாற்ற வேண்டியிருக்கும். டிஜிட்டல் கையெழுத்து போடும் யு.எஸ்.பி. டோக்கன் யார் மேஜையில் இருக்கிறது, கம்பெனி வெப்சைட்டின் டொமைன் யாருடைய மெயிலில் பதிவாகியிருக்கிறது, ஃபேஸ்புக் பேஜுக்கு யார் அட்மின், நெட்பேங்கிங்கில் யார் பெயர் சேர்த்திருக்கிறது, வாடிக்கையாளர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவை உருவாக்கியது யார் என்றெல்லாம் இன்றைக்கே பார்த்துவிடுங்கள், யாரும் பேப்பர் போடும் வரை காத்திருக்க வேண்டாம். டொமைன் விஷயம் மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், புதுப்பிக்கச் சொல்லும் மெயில் போனவருக்குப் போய், அவர் பார்க்காமல் விட்டு, ஒரு நாள் காலையில் வெப்சைட்டும் மெயிலும் சேர்ந்து நின்றால் அன்றைக்கு வியாபாரமே நின்றுவிடும்.

எப்போது மூடுவது என்பதும் முக்கியம். தானாக ராஜினாமா செய்தவருக்குக் கடைசி நாள் வேலை முடியும் நேரத்தில் மூடலாம். அட்மின் அளவு அனுமதிகளை மட்டும் பொறுப்பை ஒப்படைத்ததுமே, நோட்டீஸ் பீரியடிலேயே குறைத்துவிடுவது நல்லது. நிறுவனமே நீக்குகிறது என்றால் அவரோடு பேசிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் மூடியாக வேண்டும். நியூயார்க்கில் ஒரு கடன் கூட்டுறவு நிறுவனத்தில் 2021 மே மாதம் ஒருவரை வேலையை விட்டு நீக்கினார்கள். அவருடைய ரிமோட் அக்சஸை மூடச் சொல்லி வெளியில் இருந்த ஐ.டி. சப்போர்ட் நிறுவனத்துக்குச் சொல்லியும் விட்டார்கள், ஆனால் அவர்கள் மூடவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் அந்த ரிமோட் அக்சஸ் வழியாகவே உள்ளே நுழைந்து சுமார் 40 நிமிடத்தில் 20,000-க்கும் மேற்பட்ட ஃபைல்களை அழித்தார். சொன்னதும் நடந்ததும் வேறு வேறு. டிக்கெட் போட்டதோடு விடாமல், மூடியாயிற்று என்ற பதிலை வாங்கி, நீங்களே ஒரு முறை அந்தக் கணக்கின் நிலையைப் பாருங்கள்.

அதே சமயம் மரியாதையாகவும் செய்ய வேண்டும். கடைசி நாள் காலையிலேயே மெயிலைப் பிடுங்கி, பல வருடம் உழைத்தவரை நண்பர்களுக்கு ஒரு வரி எழுதக்கூட விடாமல் அனுப்புவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, ரிலீவிங் லெட்டர் எல்லாம் அவருக்குச் சேர வேண்டியவை. ஆபீஸ் மெயிலை மூடும் முன்பே அவருடைய சொந்த மெயிலைக் கேட்டு வாங்கி அதற்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிடுங்கள்.

இதில் நிறைய கம்பெனிகள் தடுமாறுவது ஐ.டி.க்குத் தகவலே வராமல் போவதால்தான். எச்.ஆருக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியும், ஐ.டி.க்கு லேப்டாப் திரும்பி வரும்போதுதான் தெரியும். வெண்டர் மூலம் வந்த கான்ட்ராக்ட் ஆட்கள் என்றால் இன்னும் மோசம், அவர்கள் எச்.ஆர். பட்டியலிலேயே இருக்க மாட்டார்கள். அவர்களுக்குக் கணக்கு திறக்கும்போதே முடியும் தேதியைப் போட்டுவிடுங்கள். ஆக்டிவ் டைரக்டரியில் அதற்கென்றே இடம் இருக்கிறது, ஒப்பந்தம் நீண்டால் தேதியை நீட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு பயமும் ஐ.டி. ஆட்களைத் தயங்க வைக்கும், மூடினால் எதுவாவது உடைந்துவிடுமோ என்று. அந்தப் பயம் நியாயமானது. தினமும் ராத்திரி ஓடும் பேக்கப், காலையில் முதலாளிக்குப் போகும் ரிப்போர்ட் எல்லாம் போனவருடைய சொந்த லாகினில் ஓடிக்கொண்டிருக்கலாம். அதற்காக மூடாமல் விடக் கூடாது. நோட்டீஸ் பீரியடிலேயே "உன் பெயரில் என்னென்ன ஓடுகிறது" என்று அவரிடமே உட்கார்ந்து கேட்டு, அவற்றையெல்லாம் ஆள் சாராத சர்வீஸ் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும்.

எப்படிப் பார்த்தாலும் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது: என்ன கொடுத்தோம் என்று தெரிந்தால்தான் எதைத் திரும்ப வாங்குவது என்று தெரியும். அதனால் இந்த வேலை ஆள் சேரும் நாளில் தொடங்குகிறது. ஒரு சாதாரண ஷீட் போதும். யாருக்கு, எதில், எந்த அளவு அக்சஸ், யார் சொன்னதன் பேரில் கொடுத்தோம், எந்தத் தேதியில் என்று கொடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மேனேஜர்களிடம் காட்டி, இதெல்லாம் இன்னும் தேவையா என்று கேட்டால், டீம் மாறிப் போனவர்களிடம் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய அனுமதிகளும் அப்படியே கழிந்துவிடும். கார்டு பணப் பரிமாற்றத்தைக் கையாளும் நிறுவனங்கள் பின்பற்றும் பி.சி.ஐ. டி.எஸ்.எஸ். விதிகள், போனவருடைய அக்சஸை உடனே நீக்க வேண்டும், 90 நாள் பயன்படுத்தாத கணக்கை முடக்கவோ நீக்கவோ வேண்டும் என்று கட்டாயப்படுத்துகின்றன. அந்த விதி உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவில் 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு இல்லாமல் மக்களின் தரவைக் கசியவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. போகிறவர்களுக்கும் ஒன்று, பழைய பாஸ்வேர்ட் வேலை செய்கிறது என்பதால் அது அனுமதி ஆகிவிடாது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள்படி தீய நோக்கத்தோடு அப்படி நுழைவது மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

எல்லாம் மூடிய ஒரு வாரம் கழித்து, அந்த யூசர்நேமை லாகில் தேடிப் பாருங்கள். தோல்வியான லாகின் முயற்சிகள் தினமும் ராத்திரி ஒரே நேரத்தில் உங்கள் சர்வர் ஒன்றிலிருந்தே வந்தால், பட்டியலில் விட்டுப்போன ஏதோ ஒரு ஜாப் அங்கே இன்னும் அவர் பெயரில் ஓடப் பார்க்கிறது, போய் மாற்றிவிடுங்கள். முன்பின் தெரியாத வெளி முகவரியிலிருந்து வந்தால், அவரைக் கூப்பிட்டு நிதானமாகக் கேளுங்கள். போனில் மெயில் ஆப்பை நீக்க மறந்திருக்கலாம். அவர் இல்லை என்றால், அவருடைய பாஸ்வேர்ட் வேறு யாரிடமோ இருக்கிறது என்று பொருள், அதே பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறாரோ அங்கெல்லாம் உடனே மாற்றச் சொல்லுங்கள்.